புதிய செவிலியர்களை வார்டோடு சேர்க்கும் ஓராண்டுத் திட்டம்: ஒரு பொறுப்புச் செவிலியரின் மதிப்பீடு

புதிதாகச் சேரும் செவிலியர்கள் முதல் ஆண்டிலேயே வேலையை விட்டுப் போய்விடாமல் அவர்களைக் குழுவில் ஒருவராக ஆக்கித் தருகிறோம் என்று சொல்லி மருத்துவமனைகளுக்குச் சேவை விற்கும் நிறுவனங்கள் இப்போது பெருகிவிட்டன. எங்கள் பொது மருத்துவ வார்டுக்காக நிர்வாகம் அப்படியொரு திட்டத்தை ஓராண்டுக்கு வாங்கியது. பொறுப்புச் செவிலியர் என்ற முறையில் அதை நடத்தும் வேலை என்னிடம் வந்தது. ஒப்பந்தம் இன்னும் நடப்பில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். இத்தகைய திட்டங்கள் எந்தப் பெயரில் விற்கப்பட்டாலும் உள்ளடக்கம் பெரிதும் ஒன்றுபோலவே இருப்பதால், வாங்க நினைப்பவர்களுக்கு இந்த மதிப்பீடு பயன்படலாம்.

ஒவ்வொரு புதியவருக்கும் ஒரு வழிகாட்டிச் செவிலியரும் தனியாக ஒரு தோழமைச் செவிலியரும், மாதம் ஒருமுறை கலந்துரையாடல், வாரந்தோறும் மனநிலையைக் கேட்கும் கைபேசிச் செயலி, வரவேற்புப் பை, குழு விளையாட்டு நாள், வார்டுப் பொறுப்பாளருக்கான கையேடு ஆகியவை திட்டத்தில் அடங்கும். விளம்பரத்தில் முன்னால் நிற்பவை செயலியும் விளையாட்டு நாளும்தான். ஆனால் வார்டில் உண்மையாகவே மாற்றத்தைக் கொண்டுவந்தவை, விற்பனையாளர் போகிறபோக்கில் சொல்லிவிட்டுப் போன கையேடும் தோழமைச் செவிலியர் ஏற்பாடும்.

வழிகாட்டியையும் தோழமைச் செவிலியரையும் வெவ்வேறு ஆளாக வைத்தது நல்ல யோசனை. வழிகாட்டி வேலையைக் கற்றுக்கொடுப்பவர். புதியவரின் திறன் படிவத்தில் கையெழுத்திடுபவரும் அவரே. தன்னை மதிப்பிடுகிறவரிடம் போய், “நேற்று இரவு அந்த நோயாளிக்கு மூச்சுத் திணறியபோது எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை” என்று மனம் திறந்து சொல்லக்கூடியவர்கள் அரிது. தோழமைச் செவிலியரோ ஓரிரு ஆண்டுகளே மூத்தவர். அவர் நிரப்ப வேண்டிய படிவம் எதுவும் இல்லை. எந்த மருத்துவரிடம் எதை எப்படிச் சொன்னால் காது கொடுத்துக் கேட்பார், விடுப்பை மாற்றிக்கொள்ள முதலில் யாரிடம் பேச வேண்டும், சேமிப்பறையில் எந்தப் பொருள் எந்தத் தட்டில் இருக்கும் என்பவற்றை எந்தப் பயிற்சி வகுப்பும் சொல்லித் தருவதில்லை. அவை தெரியாதவரை புதியவர் விருந்தாளியாகவே இருக்கிறார். சேர்ந்த அன்றே வார்டின் வாட்ஸ்அப் குழுவில் புதியவரைச் சேர்ப்பதும் தோழமைச் செவிலியரின் பொறுப்பு என்று கையேடு விதித்திருக்கிறது. இது அற்பமான செய்தி போலத் தோன்றலாம். ஆனால் டியூட்டி மாற்றங்கள் பேசி முடிக்கப்படுவது அங்கேதான். அதில் இல்லாதவருக்கு எல்லாம் முடிந்த பிறகே தெரியவரும்.

கையேட்டின் டியூட்டி பட்டியல் பகுதிதான் இந்தச் சேவையின் உயிர். முதல் மூன்று மாதங்களில் புதியவரின் ஷிஃப்டுகளில் பெரும்பாலானவை ஒரே குழுவினரோடு அமைய வேண்டும் என்பது அதன் முதல் விதி. இன்று ஒருவரோடு காலை டியூட்டி, நாளை வேறொருவரோடு இரவு டியூட்டி என்று சுற்றிக்கொண்டிருப்பவருக்கு முகங்கள் பழகலாம், மனிதர்கள் பழக மாட்டார்கள். இரண்டாவது விதி, வேறு வார்டில் ஆள் குறைந்தால் இங்கிருந்து அனுப்பப்படும் முதல் ஆள் புதியவராக இருக்கக் கூடாது என்பது. அனுபவமுள்ளவர்களை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் புதியவரை அனுப்பிவிடுவது பல இடங்களில் நடப்பதுதான். தன் வார்டிலேயே இன்னும் காலூன்றாத ஒருவரை அறிமுகமில்லாத வார்டுக்கு அனுப்புவது, உன் இடம் இங்கே உறுதியில்லை என்று எழுதிக் கொடுப்பதற்குச் சமம். மூன்றாவது விதிப்படி, சாப்பாட்டு இடைவேளையில் புதியவரின் நோயாளிகளைப் பார்த்துக்கொள்பவரின் பெயர் ஷிஃப்ட் தொடங்கும்போதே பலகையில் எழுதப்பட வேண்டும். யாரிடம் ஒப்படைத்துவிட்டுப் போவது என்று தெரியாமல் சாப்பிடாமலே ஷிஃப்டை முடிக்கும் புதியவர்கள் எல்லா மருத்துவமனைகளிலும் இருக்கிறார்கள். இந்த விதி வந்த பிறகு அவர்கள் சாப்பிடப் போனார்கள், மற்றவர்களோடு உட்கார்ந்தும் சாப்பிட்டார்கள். விளையாட்டு நாள் செய்ய நினைத்த வேலையை இந்த ஒரு வரி செய்துவிட்டது.

இந்த விஷயத்தை வெறும் மனமகிழ்ச்சியாகக் கருதுபவர்களுக்காக ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்சுலின், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரின் போன்ற அதிக எச்சரிக்கை தேவைப்படும் மருந்துகளைக் கொடுக்கும் முன் இன்னொரு செவிலியர் தனியாகக் கணக்கிட்டுச் சரிபார்ப்பது பல மருத்துவமனைகளில் நடைமுறை. இரவு ஷிஃப்டில் புதியவர் ஒருவர் இன்சுலின் ஏற்றிய ஊசியோடு மருந்து மேசையருகே நிற்கிறார். மூத்தவர் கோப்பில் எழுதிக்கொண்டிருக்கிறார். “சிஸ்டர், ஒரு நிமிஷம் பார்க்கிறீர்களா?” என்று புதியவர் கேட்பதும், கேட்கத் தயங்கித் தானே கொடுத்துவிடுவதும் அந்தக் குழுவில் அவர் தன்னை எப்படி உணர்கிறார் என்பதைப் பொறுத்தது. திட்டம் தந்த ஓர் அட்டையை மருந்து மேசைக்கு மேலே ஒட்டினோம். சரிபார்க்கக் கூப்பிட்டால் எழுந்து வர வேண்டும், வரும்போது காரணமோ குறையோ சொல்லக் கூடாது என்பதே அதில் இருந்த செய்தி. மூத்தவர்கள் சிலர் முதலில் முகம் சுளித்தார்கள். மருந்துப் பிழைகளைப் பற்றி அமெரிக்க ஆய்வாளர் எமி எட்மண்ட்சன் 1996-இல் வெளியிட்ட ஆய்வில், நன்றாகச் செயல்பட்ட குழுக்களிலேயே அதிகப் பிழைகள் பதிவாகியிருந்தன. அங்கே பிழைகளை வெளியே பேச அஞ்சாததே அதற்கான விளக்கமாக முன்வைக்கப்பட்டது. திட்டத்தின் பயிற்றுநர் இதைச் சொன்ன பிறகு அந்த அட்டை மீதான எதிர்ப்பு குறைந்தது. பயிற்றுநர் தாமே செவிலியராக இருந்தவர் என்பதும் அதற்கு ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

மாதாந்தரக் கலந்துரையாடல் நன்றாக நடத்தப்பட்டது. ஆனால் கால ஒதுக்கீட்டில் ஒரு பெருங்குறை உண்டு. புதியவர்களின் எதிர்பார்ப்புக்கும் வார்டின் நடைமுறைக்கும் இடையே எழும் அதிர்ச்சியை அமெரிக்கச் செவிலியத் துறை ஆய்வாளர் மார்லின் கிராமர் 1974-லேயே விரிவாக எழுதிவிட்டார். தொடக்கத்தில் எல்லாம் இனிதாகத் தெரியும் ஒரு கட்டமும், அதன்பின் அதிர்ச்சிக் கட்டமும் வரும் என்பது அவருடைய கருத்து. திட்டமோ தன் ஆற்றலின் பெரும்பகுதியை அந்த இனிய கட்டத்திலேயே செலவழித்துவிடுகிறது. முதல் மாதத்தில் வகுப்பும் வரவேற்பும் நிரம்பி வழிகின்றன. வழிகாட்டி விலகி, நோயாளிகளின் முழு எண்ணிக்கையும் தலைமேல் வந்து, முதல் தனி இரவு டியூட்டியும் தொடங்கும் வேளையில் திட்டம் மாதம் ஒரு கூட்டமாக மெலிந்துவிடுகிறது. அந்த வாரங்களுக்கு நாங்களே கூடுதல் சந்திப்புகளை ஏற்பாடு செய்தோம். கூட்டங்கள் டியூட்டி நேரத்துக்குள்ளேயே நடக்க வேண்டும் என்ற நிபந்தனையை ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லி நிறுவனம் வற்புறுத்தியது பாராட்டத்தக்கது. இரவு ஷிஃப்ட் முடித்தவரை உட்காரவைத்து அவர் மனநிலையைக் கேட்பது கொடுமை.

செயலியை நான் பரிந்துரைக்க மாட்டேன். வாரம் ஒருமுறை சில கேள்விகளுக்குப் பெயர் தெரியாமல் பதிலளிக்கலாம் என்கிறார்கள். ஒரு வார்டில் ஒரே பருவத்தில் சேர்ந்த புதியவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில் இருக்கும்போது, “இரவு டியூட்டியில் எனக்கு ஆதரவில்லை” என்ற வரியை எழுதியவர் யார் என்று பட்டியலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புதியவர்களுக்கும் அது தெரியும். அதனால் சில வாரங்களிலேயே எல்லாப் பதில்களும் ‘நன்று’ என்று வரத் தொடங்கின. மேலிடத்துக்குப் போன வரைபடம் மட்டும் அழகாக ஏறிக்கொண்டிருந்தது.

விளையாட்டு நாளை வார விடுப்பில் வைத்தார்கள். வந்தவர்கள் களைப்போடு வந்தார்கள், வராதவர்கள் குற்ற உணர்வோடு இருந்தார்கள். வரவேற்புப் பையில் இருந்த பேனாக்கள் நன்றாக எழுதின.

நிறுவனம் காட்டும் தக்கவைப்பு விகிதங்களை, அதாவது சேர்ந்தவர்களில் எத்தனை சதவீதம் பேர் வேலையில் தங்கினார்கள் என்ற கணக்கை, கவனமாகப் படிக்க வேண்டும். எட்டுப் பேர் சேரும் வார்டில் ஒருவர் போனாலே 12.5 சதவீதம் சரிகிறது. ஒருவர் தங்கினால் அதே அளவு ஏறுகிறது. இத்தனை சிறிய எண்ணிக்கையை வைத்துத் திட்டம் வென்றது என்றோ தோற்றது என்றோ ஓராண்டில் யாரும் சொல்ல முடியாது. எங்கள் அனுபவத்தையும் அதே எச்சரிக்கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். மேலும், ஒரு செவிலியருக்குத் தாங்க முடியாத எண்ணிக்கையில் நோயாளிகளைக் கொடுத்துவிட்டு, குழு உணர்வு குறைந்ததால் அவர் போய்விட்டார் என்று சொல்வது நேர்மையல்ல. ஆள் பற்றாக்குறையையும் சம்பளத்தையும் மறைக்கும் திரையாக நிர்வாகம் இத்திட்டத்தைப் பயன்படுத்துமானால், அதை முதலில் கண்டுகொள்பவர்கள் புதியவர்களாகத்தான் இருப்பார்கள்.

டியூட்டி பட்டியலில் கைவைக்கும் அதிகாரம் பொறுப்புச் செவிலியருக்கு இருக்கும் வார்டுகளுக்கு இதை வாங்கலாம் என்று சொல்வேன். பட்டியல் மேலிடத்தில் தயாராகிக் கீழே வரும் இடங்களில் கையேடு அலமாரியில் தூங்கும், செயலி மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். பேசி முடிக்கும் முன் விற்பனையாளரிடம் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: மூன்றாம், நான்காம் மாதங்களில் என்ன தருகிறீர்கள்? நிரந்தரமாக இரவு டியூட்டி பார்ப்பவர்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்கு எங்களுக்குக் கிடைத்த பதில், பகல் கூட்டத்தின் ஒளிப்பதிவு. தோழமைச் செவிலியருக்கு அவர் செலவிடும் நேரத்துக்கு ஈடாக விடுப்போ படியோ உண்டா என்பதை நிர்வாகத்திடம் தனியாகக் கேட்க வேண்டும். திட்டம் அதைப் பற்றி மௌனம் சாதிக்கிறது. அடுத்த ஆண்டுக்கான ஒப்பந்தத்தில் செயலியையும் விளையாட்டு நாளையும் நீக்கும்படி எழுதிக் கொடுத்திருக்கிறேன்; அந்தத் தொகைக்கு ஈடாக இரவு ஷிஃப்ட் நேரத்திலேயே வார்டுக்கு வரும் பயிற்றுநர் ஒருவரைக் கேட்டிருக்கிறோம், நிறுவனம் இன்னும் விலை சொல்லவில்லை.