உப்புவெளி வீட்டில் நான்கு கமராக்கள்: பத்து மாதப் பாவனைக்குப் பின்

கடந்த ஓகஸ்ட் மாதம் உப்புவெளியில் உள்ள எனது வீட்டுக்கு நான்கு கண்காணிப்புக் கமராக்களைப் பொருத்துவித்தேன். திருகோணமலை நகரில் உள்ள ஒரு கடை, பொருட்களையும் கூலியையும் சேர்த்து 68,000 ரூபாவுக்கு அவ்வேலையைச் செய்து தந்தது. கணவர் காலமான பின் தனியே இருக்கும் எனக்கு இது அவசியம் என்று வற்புறுத்தியவன் கனடாவில் இருக்கும் மகன். இரண்டு வீடு தள்ளி ஓடு பிரித்து நகை எடுத்த செய்தியைக் கேட்ட பின் எனக்கும் மறுக்க மனம் வரவில்லை. இங்கே சொல்லப்போகும் குறை அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியதன்று என்று எண்ணுவதால் அதன் பெயரைத் தவிர்க்கிறேன்.

வேலையின் தரத்தில் குறை சொல்ல இடமில்லை. கடற்காற்றின் உப்பு ஒரு மாரிக்குள் இணைப்புகளைத் துருப்பிடிக்கச் செய்துவிடும் என்பதை அறிந்து ஒவ்வோர் இணைப்பையும் மூடிய பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். வாடைக்காற்று அடித்த காலம் முழுவதும் படம் ஒருமுறையும் அறுபடவில்லை. 1 ரெராபைற் வன்தட்டில் ஏறத்தாழ 13 நாள் பதிவு நிற்கிறது. இரவில் கமராவைச் சுற்றிப் பூச்சிகள் வர, அவற்றைத் தேடி வரும் சிலந்தி கண்ணாடிக்கு முன் வலை பின்னிவிடுவதால், வாரம் ஒருமுறை தும்புத்தடியால் தட்டிவிட வேண்டியிருக்கிறது.

என் மனத்தை உறுத்தியவை வேறு. பின்சுவரில் பூட்டிய மூன்றாவது கமரா எனது பின்வாசலோடு பக்கத்து வளவின் கிணற்றடியையும் பார்த்தது. அதைப் பூட்டிய கடைத் தம்பி திரையைப் பார்த்துத்தான் கோணத்தைச் சரிசெய்தார். அவர் எதுவும் சொல்லவில்லை, எனக்கும் அன்று உறைக்கவில்லை. நான்காம் நாள் அந்த வீட்டு மருமகள் மதிலுக்கு அப்பால் நின்று, குரலைத் தாழ்த்தி, "ரீச்சர், அது எங்கட கிணத்தடியையும் பாக்குதோ? நாங்கள் குளிக்கிற இடமெல்லோ" என்று கேட்டார். கிணற்றைச் சுற்றிப் பழைய சேலையொன்றைக் கயிற்றில் கட்டியிருந்ததை அப்போதுதான் கண்டேன். கடையில் இருந்து வந்தவர்கள், படத்தின் அப்பகுதியைக் கறுப்பாக மறைக்கும் வசதியைப் போட்டுவிட்டுப் போகப் பார்த்தார்கள். அந்தக் கறுப்புக் கட்டம் என் திரையில் எனக்குத்தான் தெரியும். மதிலுக்கு அப்பால் நிற்பவருக்குத் தெரிவது தன்னை நோக்கிய கண்ணாடி ஒன்றே. ஆகவே கமராவையே கழற்றி, கதவை மட்டும் பார்க்கும்படி தாழப் பூட்டுவித்தேன். மறுநாள் சேலையை அவிழ்த்துவிட்டார்கள்.

பத்தொன்பதாம் நாள் மாலை அந்தத் தம்பியிடமிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. "ரீச்சர், உங்கட பின்கதவு திறந்தபடி கிடக்கு, கவனம்." அக்கறையில்தான் சொன்னார். எனக்கோ கால் தளர்ந்துவிட்டது. விசாரித்தபோது, கமராப் படங்களைக் கைப்பேசியில் பார்க்கும் செயலியில் கணக்கைத் திறந்தது அவரது கைப்பேசியில் என்றும், உரிமையாளர் இடத்தில் இருப்பவர் அவர் என்றும், எனக்கும் மகனுக்கும் கிடைத்திருப்பது பார்வையிடும் அனுமதி மட்டுமே என்றும் தெரியவந்தது.

போர்க்காலத்தில் வீட்டிலுள்ளோர் பெயர்களைப் பொலிஸில் பதிந்தவர்கள் நாங்கள். சுற்றிவளைப்பில், ஆட்களைக் காட்டிக்கொடுக்கும் முகம் மூடிய தலையாட்டியின் முன் வரிசையாக நின்றவர்களும் இந்த ஊரில் இன்னும் இருக்கிறார்கள். நம்மைப் பார்ப்பவர் யார் என்று தெரியாத பயம் எங்களுக்குப் புதிதன்று. 2006 ஜனவரி 2 ஆம் திகதி திருகோணமலை நகரக் கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். அவ்வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டிருந்த 13 பேரையும் போதிய சான்று இல்லை என்று நீதவான் நீதிமன்றம் 2019 இல் விடுவித்தது. அன்று அங்கே ஒரு பதிவு இருந்திருந்தால் என்ற ஏக்கம் எனக்கு இன்றும் உண்டு. ஆகவே கமராவை என்னால் வெறுக்கவும் முடியவில்லை, அதன் சாவியை இன்னொருவர் கையில் விட்டுவைக்கவும் முடியவில்லை.

சட்டத்தையும் பார்த்தேன். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனியாள் ஒருவர் தமது வீட்டுத் தேவைக்காக மட்டும் கையாளும் தரவுகளுக்கு ஏற்புடையதன்று. கிணற்றடி விடயத்தை அயலவர்களாகிய நாங்களே பேசித் தீர்க்க வேண்டியிருந்தது. ஆனால் கடையொன்று வாடிக்கையாளரின் வீட்டுக்குள் பார்க்கும் வழியைத் தன் கைப்பேசியில் வைத்திருப்பது எவ்வகையிலும் வீட்டுத் தேவை ஆகாது. அதைவிட, எனது பதிவுப் பெட்டியின் கடவுச்சொல் அது தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்ததாகவே இருந்தது. 2016 இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் ஏராளமான இணையக் கமராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் கைப்பற்றியது இவ்வாறு மாற்றப்படாமல் கிடந்த கடவுச்சொற்களால்தான்.

கணக்கை என் பெயருக்கு மாற்றித்தரக் கடைக்கு மூன்று வாரம் சென்றது. "பழுது வந்தால் பார்க்க வசதி" என்பதே அவர்கள் சொன்ன காரணம். பழுது வந்தால் நானே அழைத்து, வேலை முடியும்வரை அனுமதி கொடுத்து, பின் எடுத்துவிடுவேன் என்று எழுத்தில் கொடுத்த பிறகே பெட்டியை முதல் நிலைக்குக் கொண்டுவந்து, என் கைப்பேசியில் கணக்கைத் திறந்து தந்தார்கள். அதற்குப் பின் இரண்டு முறை அழைத்தேன். இரண்டு முறையும் நேரத்துக்கு வந்து மரியாதையாக வேலை செய்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

மகனோடும் ஒரு பேச்சு வேண்டியிருந்தது. "அம்மா, நேற்று ஏன் ஆறு மணிக்கு விளக்கு ஏத்தேல்லை?" என்று ஒருநாள் கேட்டான். அன்று எனக்குத் தலையிடி, படுத்திருந்தேன். அவன் பாசம் எனக்குத் தெரியாததன்று. இருந்தாலும் விறாந்தையின் உட்பக்கக் கமராவை அன்றே நிறுத்திவிட்டேன். கேற்றையும் பின்கதவையும் அவன் இப்போதும் பார்க்கிறான். நான் விளக்கேற்றினேனா என்பதை அழைத்துக் கேட்கிறான்.

இதே வேலையைச் செய்விக்க நினைப்பவர்கள், கடைசிப் பணத்தைக் கொடுக்குமுன் செயலியில் பாவனையாளர் பட்டியலைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். உரிமையாளர் இடத்தில் உங்கள் இலக்கம் இருக்க வேண்டும். அதன் பின் பக்கத்து வீட்டாரை அழைத்து, ஒவ்வொரு கமராவும் எதைப் பார்க்கிறது என்பதைத் திரையில் காட்டுங்கள்.