ஸ்டீயரிங் உதறுகிறதா? பேலன்சிங்குக்கு முன் ரிம்மில் கோட்டம் பாருங்கள்

மணிக்கு 80 கி.மீ. வரை ஒன்றும் தெரியாது. 90-ஐத் தொட்டதும் ஸ்டீயரிங் உதறத் தொடங்கும். 115 தாண்டினால் அடங்கிவிடும். அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) போட்ட காரைப் பள்ளத்தில் இறக்கிய பிறகு எனக்கு இது ஆரம்பித்தது. ஒரே மாதத்தில் மூன்று முறை பேலன்சிங் (சக்கரத்தின் எடை எல்லாப் பக்கமும் சீராக இருக்கச் சின்ன ஈயத் துண்டுகளை ஒட்டுவது) செய்தேன். மூன்று முறையும் மெஷின் பூஜ்யம் காட்டியது, வண்டி உதறிக்கொண்டேதான் இருந்தது. வேறொரு கடையில், சுற்றுகிற வீலின் உட்பக்கத்தைக் குனிந்து பார்த்த பையன் கூப்பிட்டான்: "அண்ணே, இங்க வந்து பாருங்க. உள் ரிம்மு பெண்டு ஆகியிருக்கு."

இந்த உதறலைக் கண்டுபிடிக்க நம் ஊரில் கிடைக்கும் வழிகளை அன்றிலிருந்து ஒப்பிட்டுப் பார்த்து வருகிறேன். எல்லோரும் முதலில் செய்வதைக் கடைசியில்தான் செய்ய வேண்டும் என்பது என் முடிவு.

ஓட்டும்போதே சிலவற்றைக் கழித்துவிடலாம். பிரேக் மிதிக்கும்போது மட்டும் உதறினால் குறை பிரேக் டிஸ்க்கில். ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது நடுங்கி, காலை எடுத்ததும் நின்றால் டிரைவ் ஷாஃப்ட் ஜாயின்ட்டில், அதாவது எஞ்சினின் சக்தியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டின் மூட்டில். அதே 90 கி.மீ. வேகத்தை நான்காவது கியரிலும் ஐந்தாவது கியரிலும் ஓட்டிப் பாருங்கள். கியர் மாறியும் நடுக்கம் மாறவில்லையென்றால் எஞ்சினை விட்டுவிட்டுச் சக்கரத்துக்கு வரலாம்.

முதல் வழி பேலன்சிங். அது ஏன் என்னை ஏமாற்றியது? அது எடையை மட்டுமே பார்க்கிறது. 185/65 ஆர்15 டயர் 100 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 14 முறை சுற்றுகிறது. ரிம் ஓரத்தில் ஒட்டிய 20 கிராம் வெயிட் விழுந்துபோனால், அந்த வேகத்தில் சுமார் 3 கிலோ விசை சக்கரத்தைப் பிடித்து இழுக்கும். கோட்டத்தின் கணக்கு வேறு. சாதாரண கார் டயரைக் கூடுதலாக 1 மி.மீ. அமுக்கத் தோராயமாக 20 கிலோ பளு வேண்டும். ரிம்மின் வட்டம் 1 மி.மீ. ஏறி இறங்கினால், ஒவ்வொரு சுற்றிலும் அந்த 20 கிலோ கூடிக் குறைந்து சக்கரத்தை உதைக்கிறது. பேலன்சிங் மெஷினில் வீல் அந்தரத்தில் சுற்றுகிறது. உதைப்பதற்குத் தரையே இல்லை. கோணலான ரிம்மின் எடையை நான்கு ஈயத் துண்டுகளால் சரிக்கட்டிவிட்டு மெஷின் பூஜ்யம் சொன்னால் அது பொய்யில்லை. நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு, அவ்வளவுதான்.

90-ஐ ஒட்டி மட்டும் உதறுவதற்கும் காரணம் உண்டு. சஸ்பென்ஷனில் தொங்கும் சக்கரம் இயல்பாகவே நொடிக்கு 10 முதல் 15 முறை துள்ளக்கூடியது. சக்கரம் சுற்றும் கணக்கு அதோடு ஒத்துப்போகும்போது சின்னக் கோட்டமும் பெரிதாகத் தெரியும்.

இரண்டாவது வழி, முன் வீலையும் பின் வீலையும் மாற்றிப் போடுவது. முன் சக்கரத்தின் குறை ஸ்டீயரிங்கில் தெரியும், பின் சக்கரத்தின் குறை சீட்டிலும் தரையிலும் தெரியும். மாற்றிப் போட்டதும் உதறல் கையிலிருந்து இடுப்புக்கு இறங்கினால் குற்றவாளி வீல்தான். இடம் மாறவே இல்லையென்றால் ஹப் (வீலை மாட்டும் நடுப்பகுதி), பேரிங், டிஸ்க் பக்கம் தேடுங்கள். ஜாக்கியும் ஸ்பேனரும் போதும், செலவே இல்லை. ஆனால் வீல்தான் காரணம் என்று சொல்லுமே தவிர, ரிம்மா டயரா என்று சொல்லாது. டயர் சுவரில் அம்புக்குறி இருந்தால் இடதை வலதாக்க வேண்டாம். சின்ன சைஸ் ஸ்டெப்னியை மாட்டி 90-இல் சோதிக்கவும் வேண்டாம். அதற்கு 80 கி.மீ.தான் எல்லை.

நான் அதிகம் நம்புவது மூன்றாவது வழியை. சைக்கிள் கடையில் கோட்டம் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ரிம் பக்கத்தில் விரலையோ சாக்பீஸையோ அசையாமல் வைத்துச் சக்கரத்தைச் சுற்றுவார்கள். உரசும் இடம் வெளியே வந்திருக்கிறது, விலகும் இடம் உள்ளே போயிருக்கிறது. காருக்கும் அதேதான். சமதளத்தில் நிறுத்தி, மற்ற சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, ஜாக்கியால் தூக்கியதும் ஸ்டாண்டில் உட்கார வையுங்கள். வெறும் ஜாக்கியை நம்பித் தலையைக் கீழே கொண்டுபோகாதீர்கள். முதலில் வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். பேரிங்கில் ஆட்டம் இருந்தால் அளவெல்லாம் தப்பாக வரும். பிறகு செங்கல் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் வைத்து, அதன் முனையை ரிம் விளிம்புக்கு அருகே கொண்டுவந்து, நியூட்ரலில் வீலைக் கையால் மெல்லச் சுற்றுங்கள். சாதாரண 80 ஜி.எஸ்.எம். ஏ4 தாள் ஒன்று ஏறக்குறைய 0.1 மி.மீ. தடிமன். இடைவெளி அதிகமாக உள்ள இடத்தில் எத்தனை தாள் நுழைகிறது, குறைவான இடத்தில் எத்தனை என்று பார்த்துக் கழித்தால் கோட்டம் வந்துவிடும். பத்துத் தாள் வித்தியாசம் என்றால் 1 மி.மீ. மேல்-கீழ், பக்கவாட்டு இரண்டையும் பாருங்கள். எது வரை சரி என்பதை உங்கள் காரின் சர்வீஸ் மேனுவல்தான் சொல்ல வேண்டும். லேத் பட்டறையில் டயல் கேஜ் (மி.மீ.யின் சிறு பங்கையும் முள்ளால் காட்டும் அளவி) இருந்தால் இன்னும் நல்லது.

முக்கியமான இடம் உள் விளிம்பு. ஆரங்கள் (ஸ்போக்குகள்) வெளிமுகத்தை ஒட்டியே இருப்பதால் உள் விளிம்புக்குத் தாங்கல் குறைவு. பள்ளத்தில் அதுதான் முதலில் மடங்கும். வெளியே நின்று பார்த்தால் வீல் புதுசு மாதிரி மின்னும். முன் சக்கரமென்றால் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி வைத்தால் உள் விளிம்பு கண்ணுக்கு வரும். வாரத்துக்கு வாரம் அந்த ஒரு டயரில் மட்டும் காற்று இறங்குவதும் ஒரு அடையாளம். ரிம் வட்டமாக இருந்து, டயரின் மேற்பரப்பு மட்டும் குதித்தால் டயரின் உள் அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரிந்திருக்கலாம். அதை அன்றே மாற்றுங்கள்.

ரோடு ஃபோர்ஸ் மெஷின் நான்காவது. அமெரிக்க நிறுவனமான ஹன்டரால் பெயர் பெற்றது. சுற்றும் டயர் மேல் ஓர் உருளையை அரை டன்னுக்கு மேல் அழுத்தி, தரை கொடுக்கும் உதையை மெஷினிலேயே அளக்கும். துல்லியத்தில் மற்ற மூன்றும் இதன் பக்கத்தில் வராது. ஆனால் எல்லா ஊரிலும் கிடைக்காது. கண்ணுக்குத் தெரிகிற கோட்டத்துக்கு இது தேவையுமில்லை. ரிம்மும் டயரும் நன்றாகத் தெரிந்து உதறல் மட்டும் நிற்காதபோது தேடிப் போகலாம்.

அலைன்மென்ட்டை, அதாவது சக்கரங்கள் நிற்கும் கோணத்தைச் சரிசெய்வதை, போட்டியிலேயே சேர்க்கவில்லை. அது தப்பினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், டயர் ஒரு பக்கம் தேயும். இந்த உதறலுக்கு மருந்து அது அல்ல.

கோட்டம் உறுதியானால் நேராக்குவதா, புதிது வாங்குவதா? விளிம்பில் மட்டும் சின்ன மடிப்பு, விரிசல் இல்லை என்றால் நேராக்கலாம். அடி ஆரத்தை ஒட்டி இருந்தாலோ, மயிரிழை விரிசல் தெரிந்தாலோ புதிதுதான். விரிசலை வெல்டிங் வைத்து ஓட்டுவதை நான் ஒப்பமாட்டேன். வார்ப்பு அலுமினியம் இரும்பு ரிம் மாதிரி வளைந்து கொடுக்காது. சூடாக்கிச் சூடாக்கி நிமிர்த்தினால் அதன் பலமும் போய்விடும்.

என் ரிம்மில் பதினைந்து தாள் வித்தியாசம் இருந்தது. நேராக்கிய பிறகு மூன்று தாளுக்கு வந்தது. கடைசியாகப் பேலன்சிங் போட்டபோது, முன்பு 70 கிராம் கேட்ட அதே வீல் 15 கிராமோடு நின்றுவிட்டது.