முன்னணி ஃபார்மசி கல்லூரிகள்: ரேங்க் சொல்லாத விஷயங்கள்

அமெரிக்காவில் ஃபார்ம்.டி (மருந்தாளுநர் ஆவதற்கான தொழிற்பட்டம்) படிக்க நினைப்பவர்கள் முதலில் திறப்பது யு.எஸ். நியூஸ் நிறுவனத்தின் கல்லூரித் தரவரிசையைத்தான். 2016-லும் 2020-லும் அதில் முதலிடம் வட கரோலினா பல்கலைக்கழகத்தின் எஷெல்மன் கல்லூரிக்கு. சான் ஃபிரான்சிஸ்கோவின் யு.சி.எஸ்.எஃப்., மிச்சிகன், மினசோட்டா ஆகியவையும் முன்வரிசையிலேயே இருப்பவை. அந்த ரேங்க் எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அங்கீகாரம் பெற்ற கல்லூரிகளின் டீன்கள், நிர்வாகிகள், பேராசிரியர்கள் மற்ற கல்லூரிகளுக்கு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுகிறார்கள். அதன் சராசரிதான் ரேங்க். தேர்ச்சி விகிதம், கட்டணம், படித்தவர்களுக்குக் கிடைத்த வேலை எதுவுமே அந்தக் கணக்கில் வராது. 3-ஆம் இடத்துக்கும் 9-ஆம் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தை நம்பிப் பெரிய கடன் வாங்கிவிடாதீர்கள்.

உண்மையான வித்தியாசம் படிப்பின் அமைப்பில் இருக்கிறது. யு.சி.எஸ்.எஃப். 2018 முதல் ஃபார்ம்.டி-யை, வழக்கமான நான்கு வருடத்துக்குப் பதில், ஆண்டு முழுவதும் நடக்கும் மூன்று வருடப் படிப்பாக்கிவிட்டது. ஒரு வருட வாழ்க்கைச் செலவு மிச்சம், சம்பளமும் ஒரு வருடம் முன்னதாக வரும். ஆனால் நீண்ட கோடை விடுமுறை கிடையாது. விடுமுறையில் மருத்துவமனையில் இன்டர்னாக வேலை பார்த்துச் சம்பாதிப்பதும், அங்குள்ள மருந்தாளுநரிடம் பரிந்துரைக் கடிதம் வாங்குவதும் கடினமாகும். ஒரு பாடத்தில் தவறினால் ஈடுகட்டவும் இடைவெளி குறைவு. வட கரோலினாவில் முதலாண்டு முடிந்த கோடையிலேயே நேரடிப் பயிற்சி தொடங்கிவிடும். நோயாளிகளோடு பழகிக் கற்பவர்களுக்கு அது நல்ல இடம். ஆராய்ச்சி நாட்டம் உள்ளவர்கள் மிச்சிகனைப் பார்க்கலாம்; ஆய்வுத் திட்டம் அங்கே பாடத்திட்டத்திலேயே சேர்ந்தது. ஃபுளோரிடா போன்ற கல்லூரிகளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வளாகங்கள் உண்டு. எந்த வளாகத்தில் இடம், வகுப்பு நேரிலா காணொளியிலா என்று கேட்காமல் சேர்ந்தால் பிறகு வருத்தம்தான்.

அடுத்தது நாப்ளெக்ஸ், அதாவது மருந்தாளுநராக வேலை பார்க்க எழுத வேண்டிய உரிமத் தேர்வு. முதல் முயற்சியிலேயே தேறியவர்களின் விகிதத்தைக் கல்லூரிவாரியாக, அந்தத் தேர்வை நடத்தும் என்.ஏ.பி.பி. அமைப்பு வெளியிடுகிறது. ஒரு வருட எண்ணை மட்டும் பார்க்காதீர்கள். 60 பேர் எழுதும் கல்லூரியில் மூன்று பேர் கூடுதலாகத் தவறினால் விகிதம் 5 புள்ளி சரிந்துவிடும். குறைந்தது மூன்று வருட எண்களை வரிசையாக வைத்துப் பாருங்கள். பக்கத்திலேயே, குறித்த காலத்தில் பட்டம் பெற்றவர்களின் விகிதத்தையும் வையுங்கள். தேர்ச்சி 95 சதவீதம், ஆனால் சேர்ந்தவர்களில் ஐந்தில் ஒருவர் நேரத்தில் முடிக்கவில்லை என்றால், பலவீனமான மாணவர்கள் தேர்வுக்கு முன்பே பின்தங்கியிருக்கலாம்.

ரெசிடென்சி (பட்டத்துக்குப் பிறகு பெரும்பாலும் மருத்துவமனையில் பெறும் கூடுதல் பயிற்சி) கிடைத்தவர்களின் விகிதத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 120 பேர் வகுப்பில் 60 பேர் விண்ணப்பித்து 45 பேருக்குக் கிடைத்தால், கல்லூரி சொல்லும் எண் 75 சதவீதம். மொத்த வகுப்பை வைத்துப் பார்த்தால் 37.5 தான். ‘எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், முதல் கட்ட மேட்ச்சில், அதாவது பயிற்சி இடம் ஒதுக்கும் சுற்றில், எத்தனை பேருக்குக் கிடைத்தது?’ என்று நேர்முகத்தில் தயங்காமல் கேளுங்கள். மருத்துவமனை வேலை வேண்டாம், மருந்துக் கடைதான் போதும் என்பவர்களுக்கு இந்த எண் அவ்வளவு முக்கியமில்லை. உள்ளூர் மாநிலக் கல்லூரியின் குறைந்த கட்டணமே அவர்களுக்குப் பெரிய லாபம்.

ரொட்டேஷன், அதாவது மருத்துவமனை, மருந்துக் கடை என்று மாறி மாறிச் செய்யும் நேரடிப் பயிற்சியின் நேரத்தை வைத்துக் கல்லூரிகளை ஒப்பிடுவது வீண். கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் ஏ.சி.பி.இ. அமைப்பின் விதிப்படி ஆரம்பப் பயிற்சி குறைந்தது 300 மணி, இறுதிப் பயிற்சி குறைந்தது 1,440 மணி என்பது எல்லோருக்கும் பொது. எங்கே அனுப்புகிறார்கள், ஊர் மாற வேண்டுமா, தங்கும் செலவு யாருடையது என்பதைத்தான் விசாரிக்க வேண்டும். பிசிஏடி நுழைவுத் தேர்வு 2024 தொடக்கத்தோடு நிறுத்தப்பட்டுவிட்டது, அதற்காகப் பழைய புத்தகங்கள் வாங்க வேண்டாம்.

வேறு நாட்டில் ஃபார்மசி முடித்துவிட்டு வருபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2003 ஜனவரி 1 முதல் பட்டம் பெற்றவர்கள் எஃப்.பி.ஜி.இ.இ. (வெளிநாட்டில் ஃபார்மசி படித்தவர்கள் அமெரிக்க உரிமத்துக்கான வழியில் எழுதும் தேர்வு) எழுத ஐந்தாண்டுப் படிப்பாவது இருந்தாக வேண்டும். நான்காண்டு பி.ஃபார்ம் போதாது, அவர்களுக்கு ஃபார்ம்.டி-தான் வழி. ஆறாண்டு ஃபார்ம்.டி முடித்தவர்கள், இன்னொரு ஃபார்ம்.டி-க்குப் பணம் கட்டுமுன் அந்தத் தேர்வுக்கும் ஆங்கிலத் தேர்வுக்கும் இன்டர்ன் மணிநேரத்துக்கும் ஆகும் செலவைக் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.