ஊரில் போட்டுக்கொண்ட ஃபேஸ் மாஸ்க்குகள்

விடுமுறைக்கு ஊருக்குப் போனால் டாக்டரிடம் பல்லைக் காட்டுவது, கண்ணைப் பரிசோதிப்பது என்று நம்மில் பலருக்கு ஒரு சுற்று உண்டு. என் சுற்றில் இந்த முறை பார்லரும் சேர்ந்துகொண்டது. நான் இருக்கும் இடத்தில் ஃபேஸ் மாஸ்க் என்றால் ராத்திரி குளியலறைக் கண்ணாடி முன்னால் நின்று நானே அப்பிக்கொள்வதுதான். கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள, இன்னொருவர் பிரஷ்ஷால் தடவிவிடும் சுகம் அதில் கிடையாது.

குளிர் நாட்டில் ஹீட்டர் காற்றில் கன்னம் காய்ந்து தோல் உரியும். அதனால் அங்கே சீரத்தில் நனைத்த துணியை முகத்தில் விரிக்கும் ஷீட் மாஸ்க்தான் எனக்குத் துணை. 15, 20 நிமிடத்தில் எடுத்துவிட வேண்டும். துணி காயும்வரை விட்டால் முகமும் சேர்ந்து காயும். ஊரில் வந்து இறங்கியதும் கதை மாறிவிட்டது. மூக்கும் நெற்றியும் எண்ணெய் வழிய ஆரம்பித்தன. சரி, களிமண் மாஸ்க் போடலாம் என்று முதல் பார்லருக்குப் போனேன்.

ஏசி, மெல்லிய இசை, சுத்தமான துண்டு, எல்லாம் இருந்தது. ஒரு கேள்வி மட்டும் இல்லை. தினமும் முகத்தில் என்ன போடுகிறீர்கள் என்று யாரும் கேட்கவில்லை. முல்தானி மிட்டியைத் தடிமனாகப் பூசி, ஃபேனை முழு வேகத்தில் வைத்துவிட்டு அந்தப் பெண் போய்விட்டார். முகம் வெடித்த ஏரி மாதிரி ஆன பிறகுதான் வந்தார். “நல்லா இழுக்குதா? அப்பத்தான் அழுக்கெல்லாம் வெளிய வரும்” என்றார். களிமண் எண்ணெயை உறிஞ்சும், உண்மைதான். ஆனால் அந்த இழுப்பு, மண்ணிலிருந்து தண்ணீர் வற்றிச் சுருங்குவதால் வருவது. ஓரம் காய்ந்து நடுவில் இன்னும் ஈரம் இருக்கும்போதே கழுவினால் போதும். அன்று சாயங்காலம்வரை என் கன்னம் எரிந்தது.

இன்னொரு இடத்தில் லேபிளே இல்லாத டப்பாவிலிருந்து ஒரு கலவையை எடுத்தார்கள். சொந்தத் தயாரிப்பாம், ஒரே வாரத்தில் நிறம் கூடுமாம். வேண்டாம் என்று எழுந்து வந்துவிட்டேன். இப்படி வேகமாக நிறம் தருவதாகச் சொல்லும் கிரீம்களில் பாதரசமோ ஸ்டீராய்டோ கலந்திருப்பது உலகம் முழுக்கப் பிடிபட்டிருக்கிறது. 1 பிபிஎம்முக்கு, அதாவது பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுப் பொருட்களை 2020க்குள் ஒழிக்க வேண்டும் என்று, பாதரசத்தைக் கட்டுப்படுத்த நாடுகள் சேர்ந்து போட்ட மினமாட்டா உடன்படிக்கையே சொன்னது. ஸ்டீராய்டு வேறு வகைத் தொல்லை: போடும்வரை முகம் பளிச்சென்று இருக்கும், தோல் மெலிந்துகொண்டே போகும், நிறுத்தினால் சிவந்து பருக்கள் கிளம்பும்.

மனசுக்குப் பிடித்தது, ஒரே ஒரு நாற்காலி போட்டிருந்த சின்ன இடம். நடத்துகிற அக்கா என்னை உட்காரவைத்துக் கேள்வியாகக் கேட்டார். ராத்திரி என்ன தடவுறீங்க? விட்டமின் ஏ வகை ரெட்டினாலா? வாக்ஸிங் பண்ணி எத்தனை நாள் ஆச்சு? எதற்காவது அலர்ஜி உண்டா? நான் கேட்டுப் போனது, காய்ந்ததும் தோல் மாதிரி உரித்தெடுக்கும் பீல் ஆஃப் மாஸ்க். ரெட்டினால் போடுகிற முகத்தில் அதை உரித்தால் மேல்தோலும் கூட வரும் என்று மறுத்துவிட்டார். கையில் வரும் வாடிக்கையை இப்படித் திருப்பிவிட எல்லோருக்கும் மனசு வராது.

பதிலுக்கு ரப்பர் மாஸ்க் போட்டார். கடற்பாசியிலிருந்து எடுக்கும் ஆல்ஜினேட் பொடி அது. தண்ணீர் ஊற்றியதும் கிண்ணத்திலேயே இறுக ஆரம்பித்துவிடும், அதனால் கை வேகம் வேண்டும். கண்ணையும் வாயையும் மூடலாமா என்று முதலில் கேட்டுக்கொண்டார். மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கும் என்று சிலர் பயப்படுவார்களாம். குளிர்ச்சியாக இருந்தது. கடைசியில் ஒரே துண்டாகக் கழன்று வந்தது, பார்க்கவே வேடிக்கை. பளபளப்பு இரண்டு நாள் தாங்கியது. மேல்தோல் தண்ணீர் குடித்து உப்புவதால் வருகிற மினுமினுப்பு அவ்வளவுதான் தாங்கும், அதை அவரும் மறைக்கவில்லை.

விசேஷத்துக்கு முந்தின நாள் புது மாஸ்க் எதையும் முயற்சி செய்யாதீர்கள் என்றார். பீல் ஆஃப்தான் வேண்டுமென்றால், அடுத்த முறை வருவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே ரெட்டினாலை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அப்போதும் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் போடுவாராம்.