பனிக்கரை கீறித் தாறன் எண்டவரிட்ட 22,000 ரூபா குடுத்த கதை

கற்பனை உலகம், வரைபடம், விளையாட்டு எண்டு திரியிற ஆக்கள் வாசிச்சாக் காணும். மற்றவை சிரிப்பியள், தெரியும்.

முள்ளியவளையில நாங்கள் அஞ்சு பேர் சனிக்கிழமைப் பின்னேரங்களில தாயக்கட்டை உருட்டிக் கதை சொல்லி விளையாடுறனாங்கள். அதுக்கெண்டு ஒரு பனிக்கரையை ரெண்டு வருசமா எழுதி வச்சிருக்கிறன். பேர் உறைகரை. அங்க கடல் உறையேக்க முறுகிற சத்தத்தை, தாண்டுபோன வள்ளங்களை உப்புக்கிழவி எண்ணுறா எண்டு சனம் சொல்லும். அவ எண்ணி முடிக்க முதல் கரைக்கு வந்திடோணும்.

இதைப் பெரிய வரைபடமாக் கீறி, ஐதீகங்களையும் சின்னப் புத்தகமா அடிச்சுத் தாறன் எண்டு முகநூலில ஒருத்தர். மாதிரிக்குக் காட்டின படங்கள் அந்தமாதிரி. மொத்தம் 22,000 ரூபா, பாதி முற்பணம். 14 பக்கக் குறிப்பு அனுப்பினன். மூண்டாம் கிழமை, "முடிஞ்சுது அண்ணை, மிச்சத்தைப் போட்டுவிட்டா கூரியர் பண்ணலாம்" எண்டார். பென்சில் கீறலைக் காட்டும் எண்டு ஒரு சொல்லுக் கேக்காமல் போட்டுவிட்டன்.

வந்ததை விரிச்சா நோர்வேயின்ர மேற்குக் கரை. கண்ணாடியில பாத்த மாதிரி இடம் வலம் மாத்தியிருக்கு, லொஃபோட்டன் தீவுகளின்ர வால் கூட அப்பிடியே. பனிப்பாறையள் ரெஜிபோம் துண்டுகள் மாதிரி தண்ணிக்கு மேல மிதக்குது. பத்தில ஒன்பது பங்கு தண்ணிக்குள்ள கிடக்கோணும், கப்பலைக் கிழிக்கிறதே அந்தப் பங்குதான். ஆத்து முகத்துவாரம் நீலமா ஓட, வெளிக்கடல் வெள்ளையா உறைஞ்சு கிடக்கு. கடல் தண்ணி உறைய மைனஸ் 1.8 பாகை வேணும். உப்புக் குறைஞ்ச முகத்துவாரம் அதுக்கு முந்தியே உறையத் தொடங்கும். குறிப்பில கோடு போட்டு எழுதினனான்.

கள்ளப்பாட்டில கடலுக்குப் போற மாமா ஒருக்கா எட்டிப் பாத்தார். பனியைப் பற்றி ஒண்டும் கேக்கேல்லை. துறைமுகத்தில விரலை வச்சார். "இது வாடைக்கு நேர வாயைத் திறந்துகொண்டு கிடக்கு. உதுக்குள்ள எவனடா வள்ளம் கட்டுவான்?" நான் எழுதினது மலைக்குப் பின்னால, காத்து மறைவில. கரையைத் திருப்பின ஆளுக்குக் காத்தைத் திருப்பத் தெரியேல்லை.

புத்தகம் அதைவிட மோசம். உப்புக்கிழவியைக் காணேல்லை. வள்ளத்தைப் பிடிச்சுத் தொங்கின மகளின்ர விரலுகளைத் தகப்பன் வெட்ட, அதுகள் கடல்நாயும் திமிங்கிலமுமா மாறின கதை கிடக்கு. அது வடதுருவப் பக்கத்து இனுயிட் சனத்தின்ர கடல்தெய்வம் செட்னாவின்ர கதை. பேரை மாத்தினவர் 6ஆம் பக்கத்தில மாத்த மறந்துபோனார். எங்கட வற்றாப்பளை அம்மன் கோயிலில கடல்தண்ணியில எரியிற உப்புநீர் விளக்கை ஆரோ தன்ர கற்பனையெண்டு வித்தா எங்களுக்கு எப்பிடி இருக்கும்?

கேட்டதுக்கு, "கற்பனைதானே அண்ணை, ஆர் பாக்கப்போயினம்" எண்டு ஒரு குரல்பதிவு. பிறகு புளொக். இப்ப வேற பேரில வேற பக்கம், அதே மாதிரிப் படங்கள். அந்தப் படங்களைக் கூகிளில போட்டுத் தேடிப் பாருங்கோ, வெளிநாட்டு ஓவியர் ஒருத்தரின்ர பக்கம் வரும். நான் காசு போன பிறகுதான் தேடினன்.

வங்கிச் சிலிப்பும் குரல்பதிவும் என்னட்ட இருக்கு. இவரிட்ட மாட்டினவை இருந்தா உள்பெட்டிக்கு வாங்கோ, சேர்ந்து பொலிசில ஒரு முறைப்பாடு குடுப்பம்.