கணுக்காலில் ஒன்பது ஆண்டுகள்: எடை குறைந்த சிறு ரிவால்வருடன் என் அனுபவம்

டெக்சாஸ் மாநிலத்தில் ஒரு சிறு நகரத்தின் காவல் துறையில் ரோந்துப் பணி பார்க்கிறேன். இடுப்பில் துறை வழங்கிய 9 மில்லிமீட்டர் பிஸ்டல் இருக்கும். அது போக, இடது கணுக்காலின் உட்புறத்தில் ஐந்து தோட்டா கொள்ளும் சிறு ரிவால்வர் ஒன்றை ஒன்பது ஆண்டுகளாக அணிந்து வருகிறேன். இந்தக் காலத்தில் இரண்டு ரிவால்வர்களைச் சொந்தப் பணத்தில் வாங்கினேன். முதலில் வாங்கியது தவறான தேர்வு என்று உணர எனக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின.

இரண்டாவது ஆயுதம் எதற்கு என்று துறைக்கு வெளியே இருப்பவர்கள் கேட்பார்கள். முதல் துப்பாக்கி சிக்கிக்கொள்ளலாம், தோட்டா தீர்ந்துவிடலாம், கைகலப்பில் எதிராளி அதன் பிடியைப் பற்றிக்கொள்ளலாம், அல்லது வலது கையே அடிபட்டுச் செயலற்றுப் போகலாம். காருக்குள் பெல்ட் போட்டு அமர்ந்திருக்கும்போது இடுப்பு உறையை எட்டுவதைவிடக் காலை மடக்கிக் கணுக்காலை எட்டுவது எளிது. பிஸ்டல் அல்லாமல் ரிவால்வரைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு. உடலோடு உடல் உரசும் நெருக்கத்தில் பிஸ்டலின் முனை எதன்மீதாவது அழுந்தினால் அதன் ஸ்லைடு, அதாவது சுடும்போது முன்னும் பின்னும் நகரும் மேல்பாகம், சற்றுப் பின்னுக்குப் போய், டிரிகரை இழுத்தாலும் சுடாமல் நின்றுவிடக்கூடும். ரிவால்வருக்கு அந்தக் குறை இல்லை. தோட்டாவை வெடிக்கச் செய்ய அடிக்கும் ஹேமர் முழுவதும் சட்டகத்துக்குள் மூடப்பட்ட வகையாக இருந்தால் கால்சட்டைத் துணியிலோ கோட்டுப் பையிலோ மாட்டிக்கொள்ள வெளியே ஒன்றும் நீட்டிக்கொண்டிருக்காது.

இந்த வடிவம் புதியதன்று. கோல்ட் நிறுவனம் ஆறு தோட்டா கொள்ளும் டிடெக்டிவ் ஸ்பெஷலை 1927-இலும், ஸ்மித் அண்டு வெஸ்ஸன் ஐந்து தோட்டா கொள்ளும் சீஃப்ஸ் ஸ்பெஷலை 1950-இலும் கொண்டுவந்தன. ஹேமர் மூடிய சென்டெனியல் வகை 1952-இல் வந்தது. அலுமினியக் கலவைச் சட்டகத்தால் எடையைக் குறைக்கும் முயற்சியும் அதே காலத்தில் தொடங்கிவிட்டது. இன்று கடையில் பார்க்கும் பெரும்பாலான சிறு ரிவால்வர்கள் இந்தக் குடும்பத்தின் வாரிசுகளே.

நான் முதலில் வாங்கியது ஸ்காண்டியம் என்ற உலோகம் கலந்த அலுமினியச் சட்டகமும், தோட்டாக்களைத் தாங்கிச் சுழலும் டைட்டானியம் சிலிண்டரும் உடைய, 12 அவுன்ஸ், அதாவது சுமார் 340 கிராம் எடையுள்ள, .357 மேக்னம் என்ற வலுவான தோட்டாவைச் சுடும் ரிவால்வர். கடையில் கையில் வாங்கியபோது பொம்மையைப் போல இருந்தது. பத்து மணி நேரப் பணியில் காலில் ஒரு பொருள் இருப்பதையே மறந்துவிடலாம் என்று நினைத்தேன். அது உண்மையாகவும் இருந்தது. ஆனால் சுடுதளத்தில் மேக்னம் தோட்டா ஐந்தைச் சுட்டு முடித்தபோது கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடைப்பட்ட தசை சிவந்து எரிந்தது. பத்தாவது தோட்டாவுக்குள் டிரிகரை இழுக்கும் முன்பே என் கை தானாகச் சுருங்கத் தொடங்கிவிட்டது. ஏழு கஜத்தில் வைத்த இலக்கு அட்டையில் துளைகள் எல்லாம் கீழே இடப்பக்கமாக இறங்கின. அதன்பின் மாதம் ஒருமுறை எடுக்க வேண்டியதை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுத்தேன். பிறகு ஆண்டுத் தகுதித் தேர்வுக்கு முந்தைய நாள் மட்டும் எடுத்தேன். பயிற்சி செய்ய அஞ்சும் ஆயுதத்தை நம்பிக் காலில் கட்டிக்கொண்டு திரிந்தேன் என்பதை இன்று நினைக்கவும் வருத்தமாக இருக்கிறது.

அதைவிடக் கவலை தந்தது வேறொரு நிகழ்வு. ஒரு நாள் மூன்று தோட்டாக்கள் வெடித்தன. நான்காவதற்கு டிரிகரை இழுத்தால் பாதி வழியில் இரும்புபோல நின்றுவிட்டது, சிலிண்டர் சுழலவில்லை. முனையைத் தடுப்பு மேட்டுக்கு நேராகவே பிடித்துக்கொண்டு பயிற்றுநரை அழைத்தேன். அவர் பக்கவாட்டில் இருந்து பார்த்துவிட்டு, ஒரு தோட்டாவின் குண்டு சிலிண்டரின் முன்முகத்துக்கு வெளியே நகக்கண் அளவு துருத்திக்கொண்டு சட்டகத்தில் முட்டி நிற்பதைக் காட்டினார். சுடும் வேகத்தில் ரிவால்வர் பின்னால் பாயும்போது, சுடப்படாத தோட்டாக்களின் பித்தளைக் கூடும் அதன் விளிம்பால் பிடிக்கப்பட்டு உடன் பாய்கிறது; உள்ளே இருக்கும் குண்டோ தன் நிலைமத்தால் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கிறது. ரிவால்வர் எவ்வளவு லேசோ அந்தப் பாய்ச்சல் அவ்வளவு கடுமை. கூட்டின் வாய் குண்டை இறுகப் பற்றவில்லை என்றால் ஒவ்வொரு சூட்டிலும் குண்டு சிறிது சிறிதாக வெளியே இழுபடும். இவ்வகை மிக லேசான ரிவால்வர்கள் சிலவற்றின் குழலிலேயே 120 கிரெயினுக்குக் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) குறைந்த குண்டு வேண்டாம் என்று பொறித்திருக்கிறார்கள். அதைப் படித்திருந்தும் அதன் பொருளை நான் அன்றுதான் உணர்ந்தேன். பிஸ்டல் சிக்கினால் தட்டி இழுத்துச் சரிசெய்யலாம். இப்படிப் பூட்டிக்கொண்ட ரிவால்வரைச் சண்டையின் நடுவில் திறக்க வழியில்லை. அன்றிலிருந்து எந்தப் புதிய தோட்டா வாங்கினாலும் ஐந்தை நிரப்பி, நான்கைச் சுட்டு, ஐந்தாவதன் நீளத்தை அளவுகோலால் முன்பு எடுத்த அளவோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அதைப் பணிக்கு எடுத்துச் செல்கிறேன்.

அந்த ரிவால்வரை விற்றுவிட்டு ஸ்மித் அண்டு வெஸ்ஸன் 642 வாங்கினேன். அலுமினியக் கலவைச் சட்டகம், துருப்பிடிக்காத எஃகுச் சிலிண்டர், இரண்டு அங்குலத்துக்குச் சற்றுக் குறைந்த குழல், மேக்னத்தைவிட மென்மையான .38 ஸ்பெஷல் தோட்டா, எடை ஏறக்குறைய 15 அவுன்ஸ். விலையோ முந்தையதில் பாதிதான். கூடுதலான 85 கிராமை முதல் வாரம் மட்டும் கணுக்கால் உணர்ந்தது, பிறகு பழகிவிட்டது. சுடும்போது அந்த வித்தியாசத்தைக் கை ஒவ்வொரு முறையும் உணர்கிறது. மரப்பிடிக்குப் பதிலாக, பின்முதுகு வரை மூடிய ரப்பர் பிடி போட்டுக்கொண்டதால் உதைப்பு இன்னும் தாங்கக்கூடியதாயிற்று. ஒரே அமர்வில் ஐம்பது தோட்டா சுட முடிகிறது, மறுநாளும் சுட மனம் வருகிறது. முழு எஃகில் செய்த இதே அளவு ரிவால்வர் இன்னும் இதமாகச் சுடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் 20 அவுன்ஸைத் தாண்டும் பொருளைக் கணுக்காலில் கட்டிக்கொண்டு ஓடிப் பார்த்தேன். உறை ஒவ்வொரு எட்டிலும் குதித்தது.

உதைப்பில் பாதி ரிவால்வரைச் சார்ந்தது, பாதி தோட்டாவைச் சார்ந்தது. பணிக்கு 135 கிரெயின் ஸ்பியர் கோல்ட் டாட் வைத்திருக்கிறேன். குறுங்குழலின் குறைந்த வேகத்திலும் விரியும்படி வடிவமைத்த தோட்டா அது. பயிற்சிக்கு 148 கிரெயின் வாட்கட்டர் வகைத் தோட்டா. இதன் குண்டு தட்டையாக, கூட்டின் வாய்க்குச் சமமாக முடியும்; உதைப்பு மிகக் குறைவு, துல்லியமும் நன்று. கை வலுக் குறைந்தவர்கள் இதையே பணிக்கும் வைத்துக்கொள்வது உண்டு. அதில் எனக்கு மறுப்பில்லை, ஆனால் தட்டைமுனை சிலிண்டர் துளையின் விளிம்பில் தட்டித் தட்டி நிற்பதால் அவசரத்தில் நிரப்புவது கடினம். ஆகவே மறுநிரப்புக்குக் கூர்ந்த முனையுள்ள தோட்டாக்களை ரப்பர் பட்டையில் செருகி வைத்துக்கொள்ள வேண்டும்.

டிரிகரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. தொழிற்சாலையில் இருந்து வரும்போது அது நீளமாகவும் கனமாகவும், சுமார் 12 பவுண்டு இழுவையோடு இருக்கும். அதைப் பொறுக்காமல் ஒரு துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மெல்லிய ஸ்பிரிங் போடச் செய்தேன். விரலுக்கு இனிமையாக இருந்தது. இரண்டாவது பெட்டித் தோட்டாவில் ஒன்று வெடிக்கவில்லை. அதன் பின்புறத்தில் சுடும் ஊசி பட்ட தடம் ஆழமில்லாமல் வெறும் புள்ளியாகத் தெரிந்தது. அன்று மாலையே பழைய ஸ்பிரிங்கைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். காலித் தோட்டாக்களை வைத்து வீட்டில் தினமும் இருபது முறை இழுத்துப் பழகியதில் அந்த 12 பவுண்டு இப்போது தடையாகத் தோன்றுவதில்லை. வலது கையால் பத்து, இடது கையால் பத்து.

கணுக்கால் என்பது உடலிலேயே அழுக்கான இடம். ஆகஸ்டு மாத வெயிலில் காலுறையின் பஞ்சும் வியர்வையும் புழுதியும் சேர்ந்து, சிலிண்டரின் பின்புறத்தில் சாம்பல் நிறப் பசைபோலப் படிகிறது. ஒரு கோடையில் மூன்று வாரம் கவனிக்காமல் விட்டு, குழலின் வாயில் பஞ்சு அடைத்திருந்ததைக் கண்டேன். இப்போது ஞாயிறு தோறும் தோட்டாக்களை வேறு அறையில் வைத்துவிட்டு, பழைய பல் துலக்கும் பிரஷால் துடைத்து, ஒரே ஒரு சொட்டு எண்ணெய் இடுகிறேன். வியர்வையில் கிடந்த தோட்டாக்களை ஆண்டுக்கு இருமுறை சுட்டுத் தீர்த்துவிடுகிறேன்.

அண்மையில் எங்கள் துறையில் சேர்ந்த ஒரு பெண் காவலர் எதை வாங்கலாம் என்று கேட்டார். பதில் சொல்லாமல் அவரைச் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்று, என்னுடைய 642-ஐயும் ஒரு நண்பரின் ரூகர் எல்.சி.ஆர். என்ற, ரூகர் நிறுவனத்தின் சிறு ரிவால்வரையும் கொடுத்து, ஒவ்வொன்றிலும் இருபத்தைந்து தோட்டா சுடச் சொன்னேன். 2009-இல் வந்த எல்.சி.ஆர். 13.5 அவுன்ஸ்தான், ஆனால் அதன் டிரிகர் தொழிற்சாலையிலிருந்தே வழுவழுப்பாக இழுபடும், பிடியும் உதைப்பை நன்கு வாங்கிக்கொள்ளும். இருபதாவது தோட்டாவில் 642 அவர் கைக்குள் சற்றுத் திரும்பத் தொடங்கியது, எல்.சி.ஆர். கடைசிவரை அசையவில்லை. அவருடைய அட்டையில் கடைசி ஐந்து துளைகளையும் என் உள்ளங்கையால் மூடிவிட முடிந்தது. அவர் எல்.சி.ஆரையே வாங்கி, குண்டு துளைக்காத அங்கியின் பக்க உறையில் அணிந்து வருகிறார்.