மாமா விட்டுப்போன நிக்கோன் டி90ஆ, கைக்குள் அடங்கும் சோனி கமெராவா?

ஓகஸ்ட்டில் நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சொந்தங்கள் வந்திறங்கும்போது யாழ்ப்பாணத்துக்குக் கமெராக்களும் வந்திறங்கும். திரும்பிப் போகும்போது சூட்கேசில் இடமில்லை என்று அவற்றில் சில இங்கேயே தங்கிவிடும். மாமாவோ சித்தப்பாவோ "நீ வைச்சிரு, எனக்குப் போன் போதும்" என்று சொல்லிவிட்டுப் போகும் கமெரா பெரும்பாலும் ஒரு பழைய டிஎஸ்எல்ஆர்தான், லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய வகை. நிக்கோன் டி90 அந்த வகைக்கு நல்ல உதாரணம். அது அலுமாரிக்குள் இருக்க, வீட்டுப் பிள்ளைக்கு ஆசை சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 மாதிரி ஒரு சின்னக் கமெராவில். இருப்பதற்கு லென்ஸ் வாங்குவதா, அதை விற்றுவிட்டுப் புதிதை எடுப்பதா?

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கமெராவோடு சேர்த்து விற்கும் 18-105 மி.மீ. கிட் லென்ஸ் மட்டும் உள்ள டி90 என்றால் சோனியை எடுங்கள். கூடவே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் ஒன்றும் (எஃப் எண் சிறிதானால் லென்சின் துவாரம் பெரிது, வெளிச்சம் கூட வரும்) வெளி ஃபிளாஷ் ஒன்றும் இருந்து, நீங்கள் எடுப்பதும் ஆட்களைத்தான் என்றால் டி90ஐ விற்காதீர்கள்.

டி90 2008 ஓகஸ்ட்டில் அறிவிக்கப்பட்டது, 12.3 மெகாபிக்சல். சோனி 2019 ஜூலையில் வந்தது, 20.1 மெகாபிக்சல். வேடிக்கை என்னவென்றால், வெளிவந்த காலத்தில் அமெரிக்காவில் டி90 கிட் லென்சோடு ஏறக்குறைய 1300 டொலர், சோனி 1200 டொலர். கிட்டத்தட்ட ஒரே விலை. இன்று ஒன்றைச் சும்மா கொடுத்துவிட்டுப் போகிறார்கள், மற்றது பாவித்ததென்றாலும் விலை இறங்க மாட்டேன் என்கிறது. மெகாபிக்சல் வித்தியாசத்தை நான் பெரிதாக எடுப்பதில்லை. டி90 தரும் 4288 × 2848 பிக்சலில் அல்பத்துக்கு 12 × 18 அங்குலப் பக்கம் தாராளமாக அச்சடிக்கலாம். அதைவிடப் பெரிதாக அடிக்கிறவர்கள் எத்தனை பேர்?

வெளிச்சம்தான் உண்மையான விவகாரம், அதற்குக் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். டி90இன் சென்சர், அதாவது வெளிச்சத்தைப் படமாகப் பதியும் தகடு, 23.6 × 15.8 மி.மீ. சோனியின் "ஒரு அங்குல" சென்சர், பெயரில்தான் அங்குலம், அளந்தால் 13.2 × 8.8 மி.மீ. பரப்பளவில் டி90 3.2 மடங்கு பெரியது. பெரிய சென்சர் என்றால் இருட்டில் நல்ல படம் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆனால் சென்சருக்கு முன்னால் லென்ஸ் இருக்கிறதே! சூம் செய்யாத அகல முனையில் கிட் லென்ஸ் எஃப் 3.5, சோனியில் எஃப் 2.8. இதைக் கழித்தால் டி90க்கு மிஞ்சுவது ஏறக்குறைய ஒரு ஸ்டொப், அதாவது இரண்டு மடங்கு, வெளிச்சம்தான். சோனியின் சென்சர் 11 வருடம் இளையது, ஒளியை வாங்கும் விதத்திலும் முன்னேறியது. அந்த ஒரு ஸ்டொப்பிலும் ஒரு பங்கு அங்கே கரைந்துவிடும். அதற்காக ஒரு கிலோவுக்கு மேல் கழுத்தில் தொங்கவிட வேண்டுமா? டி90 உடம்பு மட்டும் 620 கிராம், கிட் லென்ஸ் 420 கிராம். சோனி பற்றறியோடு சேர்த்தே 302 கிராம்.

இப்போது கிட் லென்சைக் கழற்றிவிட்டு 50 மி.மீ. எஃப் 1.8ஐப் போடுங்கள். கதை தலைகீழாகும். டி90இல் அந்த லென்ஸ் ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு சென்சர்) கணக்கில் 75 மி.மீ. போலப் பார்க்கும், முகம் எடுக்க நல்ல தூரம். சோனியை அதே பார்வைக்கு சூம் செய்தால் அதன் துவாரம் எஃப் 4 பக்கம் ஒடுங்கிவிடும். லென்சையும் சென்சரையும் சேர்த்துக் கணக்கிட்டால் டி90 வாங்கும் வெளிச்சம் 16 மடங்குக்குக் கிட்ட வருகிறது. பின்னேரம் சாமத்திய வீட்டில் பந்தல் லைற்றும் குத்துவிளக்கும் மட்டும் இருக்கும் நேரத்தை எடுங்கள். ஐஎஸ்ஓ என்பது வெளிச்சத்துக்கான உணர்திறன், கூட்டினால் படம் பொரிபொரியாகும். சோனி ஐஎஸ்ஓ 6400இல் திணறும் அதே காட்சியை டி90 1250இல் எடுத்துவிடும். பட்டுச்சேலையின் சரிகையும் பிள்ளையின் முகத்துத் தோலும் மாவாகிப் போகாது.

பின்னணியும் அப்படித்தான். எங்கள் வீட்டு விழாக்களில் பிள்ளைக்குப் பின்னால் என்ன இருக்கும்? அடுக்கிய பிளாஸ்டிக் கதிரை, தண்ணிப் பெரல், வாயில் வடையோடு ஒரு பெரியப்பா. 50 எஃப் 1.8 இவற்றையெல்லாம் நிறமாகக் கரைத்து ஒதுக்கிவிடும். சோனி எல்லாவற்றையும் நேர்மையாகக் காட்டும். அந்த நேர்மை யாருக்கும் தேவையில்லை.

இந்த இடத்தில் ஒரு பொறி இருக்கிறது. பழைய 50 மி.மீ. எஃப் 1.8 'டி' வகை லென்சுக்குள் ஃபோக்கஸ் மோட்டர் இல்லை. கமெரா உடம்பில் உள்ள மோட்டர்தான் அதைச் சுழற்ற வேண்டும். டி90இல் அது உண்டு. டி3100, டி3200, டி5100, டி5200 போன்றவற்றில் இல்லை. அவற்றில் மாட்டினால் கையால்தான் ஃபோக்கஸ் பண்ண வேண்டும். மாமா விட்டுப்போனது இந்த வகை என்றால் 2011இல் வந்த 'ஜி' வகை 50ஐத் தேடுங்கள். லென்சின் மேல் ஏஎஃப்-எஸ் என்று எழுதியிருக்கும்.

ஃபிளாஷ் விஷயத்தில் சோனிக்குப் பேச்சே இல்லை. வெளி ஃபிளாஷ் மாட்டும் இடம் அதில் கிடையாது. மேலே குதித்து வரும் சின்னத் துண்டு மட்டும்தான். விரலால் பின்னுக்குச் சாய்த்துச் சீலிங்கை நோக்கித் திருப்பலாம், ஆனால் அதன் பலம் சின்ன அறைக்குத்தான் காணும். டி90இன் தலையில் நிக்கோனின் எஸ்பி-600 ஃபிளாஷ் ஒன்றை மாட்டி மேலே திருப்பினால் வெள்ளைச் சீலிங் முழுவதும் விளக்காகிவிடும். ஓட்டு வீடு என்றால் கவனம். சீலிங் அடிக்காத கூரையில் வெளிச்சம் ஓட்டுக்குள் போய்த் தொலைந்துவிடும். கொஞ்சம் திரும்பி வந்தாலும் செம்மஞ்சளாக வரும். பக்கச் சுவர் வெள்ளையாக இருந்தால் ஃபிளாஷை அந்தப் பக்கம் திருப்புவதுதான் வழி.

இன்னொன்று, எந்த ஸ்பெக்கிலும் எழுதாத விஷயம். பெரிய கமெராவைக் கண்டால் ஆட்கள் வழி விடுவார்கள். மணவறைக்குக் கிட்ட நிற்க இடம் கிடைக்கும். சோனியைத் தூக்கிக்கொண்டு போனால் "தம்பி, கொஞ்சம் தள்ளு, கமெராக்காரருக்கு மறைக்குது" என்பார்கள். மறுபக்கம், அம்மம்மா அம்மியில் அரைப்பதையோ திண்ணையில் வெற்றிலை போடுவதையோ எடுக்க வேண்டுமென்றால் டி90ஐத் தூக்கியதுமே அவ சேலையைச் சரிசெய்து விறைத்து நின்றுவிடுவா. சோனிக்கு அந்தப் பயம் இல்லை. அதன் எலெக்ட்ரோனிக் ஷட்டரில் சத்தமும் இல்லை. எல்ஈடி விளக்குக்குக் கீழே மட்டும் படத்தில் கோடு விழலாம், அப்போது மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற வேண்டும்.

வீட்டை விட்டு வெளியே வந்தால் தராசு சாய்கிறது. நல்லூரில் 24ஆம் நாள் தேர். வீதியில் தலைகளுக்கு மேலே கையைத் தூக்கித்தான் எடுக்க முடியும். டி90இன் திரை அசையாது. அதைத் தூக்கிப் பிடித்தால் என்ன எடுக்கிறீர்கள் என்பது உங்களுக்கும் தெரியாது, திரையைப் பார்த்து எடுக்கும் லைவ் வியூவில் அதன் ஃபோக்கஸ் தேர் இருப்பிடத்துக்குத் திரும்பும்வரை யோசித்துக்கொண்டு நிற்கும். சோனியின் திரையைக் கீழ்நோக்கிச் சாய்த்து ஒற்றைக் கையால் தூக்கலாம். ஃபுல் ஃபிரேம் கணக்கில் 24இலிருந்து 200 மி.மீ. வரை சூம் போகும் (எண் சிறிதானால் பார்வை அகலம், பெரிதானால் தூரத்தில் உள்ளது கிட்ட வரும்). கிட் லென்சோ அதே கணக்கில் 27இலிருந்து 157 வரைதான். ஓடும் காவடிக்காரரின் கண்ணைச் சோனி தானே பிடித்துத் தொடரும், செக்கனுக்கு 20 படம் வரை எடுக்கும், டி90 4.5. வெள்ளை வேட்டிக் கூட்டத்தில் டி90 வெளிச்சத்தைக் கொஞ்சம் தாராளமாக விடும் சுபாவம் உள்ளது, எக்ஸ்போஷரை (வெளிச்ச அளவை) -0.7இல் வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உள்ளே போவதென்றால் ஆண்கள் மேற்சட்டை கழற்ற வேண்டும். சட்டைப் பொக்கற்றில் போடலாம் என்று சோனியைப் புகழ்கிறவர்கள் இதை யோசிப்பதில்லை.

தீவுப் பயணத்துக்கு எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை. குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவுக்குப் போகும்போது உப்புத்தண்ணி தெறிக்கும். இரண்டு கமெராவும் தண்ணிக்குத் தாங்கும்படி செய்தவை அல்ல, ஆனால் சின்னதைப் பொலித்தீன் பையில் சுற்றிச் சாமான் பைக்குள் வைத்துவிடலாம். பெருக்குமரத்துக்குக் கிட்ட நின்று முழுவதையும் எடுக்க 24க்கும் 27க்கும் உள்ள வித்தியாசம் அங்கேதான் புரியும். பற்றறியில் டி90க்கு ஒரு சார்ஜில் 850 படம் என்பது கணக்கு, சோனிக்கு 260. சோனியைப் பவர் பாங்கில் கொழுவிச் சார்ஜ் ஏற்றலாம் என்பதால் எனக்கு அது பெரிய குறையாகப் படவில்லை. நடுப்பகலில் பண்ணைப் பாலத்தில் நின்றால் மட்டும் டி90இன் கண்ணாடி வியூபைண்டருக்கு ஈடில்லை. வெய்யிலில் எந்தத் திரையும் செத்துவிடும். சோனியிலும் குதித்து வரும் வியூபைண்டர் ஒன்று உண்டு, சின்னது, கண்ணாடி போட்டவர்களுக்கு அவ்வளவு வசதியில்லை.

பறவைக்கும் கிரிக்கெற்றுக்கும் இரண்டும் அப்படியே காணாது. 1904இல் தொடங்கிய வடக்கின் பெரும் சமரை, யாழ். மத்திய கல்லூரிக்கும் பரி. யோவான் கல்லூரிக்கும் நடக்கும் அந்த மட்ச்சை, எல்லைக்கோட்டுக்கு வெளியே நின்று எடுக்க 200 மி.மீ. போதாது. டி90க்கு 70-300 மி.மீ. லென்ஸ் வாங்கினால் ஃபுல் ஃபிரேம் கணக்கில் 450 வரை போகும். சோனிக்கு லென்ஸ் மாற்றவே முடியாது. வல்வெட்டித்துறைப் பட்டத் திருவிழா வேறு கதை. தைப்பொங்கல் நாளில் வானமே வெளிச்சம், பட்டங்களும் பெரிசு. சோனியின் 200 அங்கே தாராளம். கடற்கரை மணலில் லென்ஸ் மாற்றும் வேலையும் இல்லை.

வீடியோவைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறேன். வீடியோ எடுத்த முதல் டிஎஸ்எல்ஆர் என்ற பெயர் டி90க்கு உண்டு. அந்தப் பெயரோடு நிறுத்திக்கொள்வது நல்லது: 720பி, ஒரு தடவைக்கு 5 நிமிடம், மோனோ ஒலி, பதியும்போது ஓட்டோ ஃபோக்கஸ் இல்லை. சோனியில் 4கே, மைக் கொழுவும் துளை, முன்னுக்குத் திரும்பும் திரை எல்லாம் உண்டு. ஆரம்ப அமைப்பில் 4கே பதிவு 5 நிமிடமளவில் நின்றுவிடும்; வெப்ப எல்லையை உயர்த்தி வைத்தால் நீளும், கமெராவும் நல்லாய்ச் சூடேறும். படத்தை உடனே போனுக்கு மாற்றி ரொறன்ரோவுக்கும் லண்டனுக்கும் வட்ஸ்அப்பில் அனுப்பும் வசதி சோனியில் இருக்கிறது. டி90இல் மெமரி காட்டைக் கழற்றி ரீடரில் போட வேண்டும். அதற்குள் அங்கே உள்ளவர்கள் மூன்று தடவை கேட்டுவிடுவார்கள்.

பாவித்த கமெரா வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்றிரண்டு. டி90இன் ஷட்டரை நிக்கோன் 1,00,000 தடவைக்குச் சோதித்திருக்கிறது. ஒரு படம் எடுத்து அந்தக் கோப்பை ஷட்டர் எண்ணிக்கை காட்டும் மென்பொருளில் போட்டால் எவ்வளவு ஓடியிருக்கிறது என்று தெரிந்துவிடும். மெமரி காட் 32 ஜிபிக்கு மேல் வாங்க வேண்டாம், டி90 எஸ்டிஎச்சி என்ற காட் வகை வரைக்கும்தான் ஏற்கும். லென்சுக்குள் ரோச் லைற் அடித்துப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மாரிக்கு அலுமாரிக்குள் கிடந்த லென்சில் சிலந்தி வலை மாதிரிப் பூஞ்சணம் படர்ந்திருக்கும். ஓரத்தில் ஒரு புள்ளி என்றால் படத்தில் தெரியாது, ஆனால் அதை மற்ற லென்சுகளோடு ஒரே பைக்குள் வைக்காதீர்கள்.

சோனியில் பார்க்க வேண்டியது வேறு. லென்ஸ் வெளியே வந்து உள்ளே போகும் வகை, ஒவ்வொரு தடவையும் தூசியை உள்ளே இழுக்கும். திரும்பத் திரும்பப் போட்டு நிறுத்தி மோட்டர் சத்தத்தைக் கேளுங்கள். மணல் அரைபடுவது காதுக்கே தெரியும். பிறகு துவாரத்தை எஃப் 11க்குக் குறைத்து வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெருப்பித்துப் பாருங்கள். கரும்புள்ளி இருந்தால் அது சென்சரில் உள்ள தூசி. டி90 என்றால் லென்சைக் கழற்றித் துடைக்கலாம். இதில் கமெராவையே பிரித்துத்தான் எடுக்க வேண்டும், ஆகையால் எவ்வளவு விலை குறைத்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.